வாயைச் சேத்துமடையிலயே கழட்டி வெச்சிரு

ஏங்கண்ணு, வர்ற ஞாயித்துக்கெழம டாப்சிலிப்புக்கு நடக்கப் போறியாமா? உங்கம்மா போன்ல சொன்னா. "நடக்கவா? வண்டி ஏதும் கெட்டுப் போச்சா"ன்னு கேட்டேன். "இல்லீங் சித்தப்பா, நடக்கறதுக்குன்னே பணங் கட்டியிருக்கறானுங்க"ன்னா. எனக்கு இருவது வயசுல, சேத்துமடையில இருந்து மேல ஏத்திவிட லாரிக்காரன் எட்டணா கேட்டான். குடுக்க மனசில்லாம நடந்தே ஏறுனேன். அன்னிக்கு நான் மிச்சம் புடிச்ச எட்டணாவ இன்னிக்கு நீ வட்டியோட கட்டறே. குடும்பக் கணக்கு நேராப் போச்சு, விடு.

ஆபீசுல இருந்து ஒம்பது பேரு வாறீங்களாம். நெம்ப சந்தோசம். சின்ன அப்புச்சி சொல்றத நாலு காது வெச்சுக் கேட்டுக்க. மொதல்ல ஒண்ணு. அங்க வழிகாட்ட வர்ற பையங்கிட்ட என்ற பேரச் சொல்லிப்போடாத. நான் உனக்கு ஒறவுங்கறதே தெரிய வேண்டாம். காரணம் பொறவு சொல்றேன், மறந்தாலும் மறந்துருவேன்.

போன தடவ உன்ற சிநேகிதன் ஒருத்தன் வந்தானே, தாடிக்காரன், அவன் மூட்டைய நம்ம திண்ணையில எறக்கி வெச்சான். திண்ணை ஒருக்கா நெளிஞ்சுது. உள்ள என்ன சாமின்னு கேட்டா, மடக்குற நாற்காலி, பாட்டுப் பொட்டி, காத்தடிக்கிற மெத்தை, அப்புறம் தடி ரெண்டு. ஒரு மனுசனுக்கு ரெண்டு தடி! "பேலன்ஸுக்குங்க தாத்தா"ன்னான். நான் ஒண்ணுஞ் சொல்லல. நாலு கால்ல நடக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா வாலு ஒண்ணுதான் பாக்கின்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். மேல ஏறறதுக்கு முந்தியே சேத்துமடை செக்போஸ்ட்டுல பொட்டியத் தொறக்கச் சொல்லுவாங்க. பிளாஸ்டிக்கு, சரக்கு, பாட்டுப் பொட்டி எல்லாத்தையும் அங்கயே எடுத்து வெச்சுப்போட்டுத்தான் போகோணும். கூடவே உன்ற வாயையும் கழட்டி வெச்சுட்டுப் போ. வரும்போது எடுத்து மாட்டிக்கலாம், ஆரும் திருட மாட்டாங்க.

அந்தக் காட்டுக்குப் பேரு ஒண்ணா ரெண்டா? 1976ல சரணாலயம்னாங்க. 1989ல அதுல கரியன்சோலை, புல்மலை, மஞ்சம்பட்டின்னு மூணு துண்ட எடுத்து தேசியப் பூங்கான்னாங்க. 2007ல புலிகள் காப்பகம்னாங்க. பேரு மாற மாறப் பலகைதான் மாறுச்சு. அட்டைக்கு ஆரும் தகவல் குடுக்கல, அது பழையபடிதான் கடிக்குது.

நீ ஊருக்குள்ள போட்டுக்கிட்டுத் திரியற சென்ட் இருக்குதே, அத மறக்காம நல்லா அடிச்சுக்கிட்டுப் போ. ஒத்த யானை ஒண்ணு மூங்கிப் பொதருக்குள்ள நிக்கும், அதுக்குக் கண்ணு சுமார்தான். மெட்ராசுல இருந்து ஒறம்பரை வந்திருக்குதுன்னு மோந்தாவது தெரிஞ்சுக்கட்டும். செவப்புச் சட்டை, மஞ்சத் தொப்பி, எல்லாம் போட்டுக்க. வெசயா நட, சத்தமாப் பேசு, ஆபீஸ் மேனேஜரப் பத்தி மலை முச்சூடும் கேக்கற மாதிரி திட்டு. அப்புறம் நாலு மணி நேரம் நடந்துட்டு, "ஒரு அணில் கூடக் கண்ணுல படல, காசு தண்டம்"னு வந்து என்கிட்டச் சொல்லு. நான் மோர் ஊத்திக் குடுக்கறேன்.

மூணு வருசத்துக்கு முந்தி நானும் இந்த மாதிரி ஒரு கூட்டத்தோட போனேன். இத்தன வருசம் மலையடிவாரத்துல கெடந்துபோட்டு, வழிகாட்டி கூட்டிப்போயி நான் காடு பாத்ததே அன்னிக்குத்தான். கூட வந்த பையன் காடர்ங்கற மலைசாதி, எருமைப்பாறைக்காரன். இருபத்தஞ்சு வயசு இருக்கும். காக்கிச் சட்டை, கால்ல சாதாரண ரப்பர் செருப்பு. எங்க கூட்டத்துல ஒவ்வொருத்தன் கால்லயும் பத்தாயிர ரூபா பூட்ஸு. வழுக்குற எடத்துல எல்லாம் பூட்ஸுதான் விழுந்துது, செருப்பு விழல.

பொறப்படறதுக்கு முன்னாடி அவன் ஒரு வேலை பண்ணுனான். குனிஞ்சு ஒரு துளி காஞ்ச மண்ண எடுத்து, கையத் தூக்கி மெதுவா விட்டான். மண்ணு எங்க பக்கமா வந்துது. தலைய ஆட்டிக்கிட்டு, "இந்தத் தடத்துல போலாமுங்க"ன்னான். எனக்குப் புரிஞ்சுது. காத்து எதுக்கால இருந்து வருது, நம்ம வாசம் முன்னால போகாது. பின்னால நின்ன ஒரு பொண்ணு, "என்ன பூஜையா அங்கிள்?"னு கேட்டுது. ஆமாம்மா, காத்துக்குப் பூஜைன்னேன்.

அப்புறம் ஒரு தம்பி கேட்டானே ஒரு கேள்வி! "அண்ணா, புலி எத்தன மணிக்கு வரும்?" வண்டலூர் ஜூவுல தீனி போடற நேரம் பலகையில எழுதியிருப்பாங்களாம், அந்த நெனப்பு. பையன் சிரிக்கல. நானா இருந்தா சாப்பாட்டு நேரத்துக்கு வரும்னிருப்பேன். அவன் சொன்னான்: "அது நம்மளப் பாத்திருக்குமுங்க. நாம அதப் பாக்கறதுதான் செரமம்." அதுக்கப்புறம் ஒரு அரை மணி நேரம் கூட்டத்துல ஒரு சத்தமில்ல. எல்லாரும் முதுகுக்குப் பின்னால பாத்துக்கிட்டே நடந்தாங்க. முன்னால நின்ன புள்ளிமான் கூட்டத்த ஒருத்தனும் பாக்கல.

தேக்குத் தோட்டத்துக்குள்ள மொதல்ல போவீங்க. எல உதுர்ற காலமா இருந்தா, கீழ கெடக்கற தேக்கெல ஒவ்வொண்ணும் மொறம் அகலம், காலு வெச்சா அப்பளம் நொறுங்கற சத்தம். அந்த மரமெல்லாம் காடு தானா மொளைக்கவெச்சது இல்ல கண்ணு. வெள்ளக்காரன் கப்பலுக்குன்னும், பொறவு ரயில் கட்டைக்குன்னும் இங்க இருந்த பழைய தேக்க வெட்டி, மேட்டுல இருந்து கீழ சறுக்கி விட்டான். மேலிருந்து சறுக்கற எடங்காட்டித்தான் டாப்சிலிப். நீங்க வாயில நொழையாத இங்கிலீசு பேருன்னு ஸ்டைலாச் சொல்றீங்களே, அதுக்கு அர்த்தம் மரம் உருட்டற மேடு. வெட்டி வெட்டி மொட்டையாப் போன பொறவு ஹியூகோ வுட்டுன்னு ஒரு காட்டு ஆபீசர் வந்து, மரத்த வேரோட காலி பண்ணாம அடிக்கட்டைய விட்டுத் தழைக்க வெச்சாரு, புதுசாவும் நட்டாரு. கைத்தடியில நெலத்தக் குத்திக் குத்தி, நடக்கற வழியெல்லாம் தேக்கு வெதையப் போட்டுக்கிட்டே போவாருன்னு இங்க கதை சொல்லுவாங்க. 1933ல செத்தாரு. அவரு ஆசப்படியே டாப்சிலிப்புலதான் பொதச்சாங்க. என்ற நினைவுச் சின்னம் எங்கன்னு தேடுனா சுத்திப் பாருன்னு அர்த்தம் வர்றாப்பல லத்தீன்ல கல்லுல எழுதி வெச்சிருக்குது. தடிய வெச்சுக்கிட்டு ஒருத்தன் ஒரு காட்டையே நட்டிருக்கறான். உன்ற தாடிக்கார சிநேகிதன்கிட்ட ரெண்டு இருக்குது, கேட்டுப் பாரு. ஆனா அங்க வெதை கிதை போட்றாதீங்க, இப்ப அதுக்கும் கேஸ் போடுவாங்க.

தேக்கு முடிஞ்சு சோலைக்குள்ள கால் வெக்கறது இருக்குதே, அது வேற. வெய்யில்ல நின்னுக்கிட்டிருந்தவன ஆரோ கெணத்துக்குள்ள எறக்குன மாதிரி. இருட்டு, ஈரம், மக்குன எல வாசம். கரியன்சோலை மொத்தமே 5 சதுர கிலோமீட்டரு சொச்சம்தான். நம்ம பக்கத்து நாலஞ்சு ஊரு தென்னந்தோப்பையெல்லாம் ஒண்ணாச் சேத்தா அதவிடப் பெருசு வரும். ஆனா நம்ம தோப்புல தென்னைக்கு அக்கட்ட தென்னைதான். அங்க ஒரு மரத்து மேலயே பத்து வகை செடி ஏறி உக்காந்திருக்கும்.

அட்டையும் அங்கதான் ஆரம்பிக்குது. இதப்பத்தி ஆளாளுக்கு உனக்கு வைத்தியம் சொல்லுவாங்க. ஒருத்தன் உப்பும்பான், ஒருத்தன் பொகையெலத் தண்ணிம்பான், ஒருத்தன் சுண்ணாம்பும்பான், கடைக்காரன் முழங்கால் வரைக்கும் வர்ற சாக்ஸ் விப்பான். வாங்கிக்க, எல்லாத்தையும் வாங்கிக்க. அட்டை சாக்ஸுக்கு மேல ஏறி சட்டைக்குள்ள போயி இடுப்புல உக்காந்துக்கும், அதுக்கென்ன அவசரம். எலை நுனியில ஒத்தக் கால்ல நிக்கற மாதிரி நின்னுக்கிட்டு, தலைய இப்படி அப்படி வீசித் தேடும் பாரு. நம்ம ஊட்டுல வெச்ச பொருளக் காணம்னா உங்க அம்மாயி கண்ணாடி இல்லாமத் தடவுவாளே, அச்சு அசல் அதே. நாம விடற மூச்சு, ஒடம்புச் சூடு, கால் அதிர்வு, இத வெச்சே கண்டுபுடிச்சு வந்துரும். கடிக்கறது தெரியாது. ரத்தம் வழியறதப் பாத்துத்தான் தெரியும். அதோட எச்சில்ல ரத்தம் உறையாமப் பண்ற சங்கதி இருக்குது, அதனால அட்டை போன பின்னாலயும் ஒரு நேரம் கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். பயந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்றாத. அங்க சிக்னல் கெடைக்காதுங்கறது வேற விசயம். புடிச்சுப் பிச்சு இழுக்காத. நகத்த அது வாய்க்கடியில விட்டு ஒரு தள்ளு தள்ளு, விட்டுரும். இல்லீன்னா அது குடிக்கற வரைக்கும் குடிக்கட்டும்னு உட்ரு. ஊர்ல வட்டிக்காரனுக்கே குடுக்கற, இது ஒரு துளி.

எங்களுக்கெல்லாம் அட்டை கடிக்காது, மலைக்காத்து பட்ட ஒடம்பு. இத எழுதி வெச்சுக்க.

இருவாச்சி பாத்தா மட்டும் நின்னு பாரு. பாக்கறதுக்கு முந்தி காதுல விழும், தலைக்கு மேல கரி எஞ்சின் ரயிலு போற சத்தம். எல்லாம் றெக்கை பண்ற சத்தம். மஞ்ச மூக்கு, மூக்கு மேல ஒரு கவுத்துவெச்ச ஓடு. பொட்டை பெரிய மரத்துப் பொந்துக்குள்ள போயி உக்காந்து, எச்சத்தையும் மண்ணையும் பூசி வாசல அடைச்சுக்கும். மூக்கு மட்டும் போற அளவுக்கு ஒரு சந்து. முட்டை வெச்சு, றெக்கையும் உதுத்துப்போட்டு, மூணு மாசம் போல உள்ளயே கெடக்கும். வெளிய இருந்து பழமும் பூச்சியும் கொண்டாந்து குடுக்கறது ஆம்பளை. ஒரு நாளைக்கு எத்தன நடை! ஆபீஸ் லீவு கெடையாது, வெளிய சாப்ட்டுக்கன்னு சொல்ல முடியாது. இத நான் நம்ம ஊட்டுல சொன்னேன். உங்க சின்னம்மாயி கேட்டுப்போட்டு, "அடைச்சுக்கிட்டு உள்ள உக்கார நான் தயாருங்க, நீங்க கொண்டாந்து குடுத்துருவீங்களா?"ன்னா. பேச்ச மாத்திட்டேன்.

அந்த ஆம்பளைய ஒருத்தன் சுட்டுப்போட்டா பொந்துக்குள்ள இருக்கறது அத்தனையும் பட்டினியில போயிரும்னு அந்தப் பையன் சொன்னான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல வாழச்சால் காட்டுல காடருங்களே கூடு கூடாப் போயிக் காவல் காக்கறாங்க. தேன் எடுக்க அந்தக் காட்டு மரத்துல ஏறறவங்கதான். எந்த மரத்துல பொந்து இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாம வேற ஆருக்குத் தெரியும்?

தேன்னு சொன்னதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. இரு, பொறவு.

யானத்தடம் பாத்தா உனக்கு ஒரு வித்தை சொல்றேன், கூட வர்ற பொண்ணுக முன்னால காட்டு. முன்னங்கால் தடத்தோட சுத்தளவ எடு, ரெண்டால பெருக்கு, அதுதான் தோள் வரைக்கும் யானையோட ஒசரம். அந்தப் பையன் என்ற துண்ட வாங்கித்தான் அளந்தான். தடத்தச் சுத்தி வெச்சா நாலடிக்குச் சித்த மேல வந்துது. "எட்டரை அடி இருக்குமுங்க"ன்னான். அப்புறம் தடத்துக்குப் பக்கத்துல கெடந்த சாணிய ஒடச்சு, உள்ள கையத் திணிச்சுப் பாத்தான். சூடு இருந்துதாட்ட இருக்குது. ஒண்ணும் பேசாம எந்திரிச்சான், கையக் காட்டுனான், கூட்டம் முச்சூடும் வந்த வழியே திரும்பிருச்சு. ஒரு தம்பி மட்டும் மொனகுனான், "இன்னும் பாதி தூரம் இருக்கே, காசு கட்டியிருக்கோம்ல." அவனுக்குச் சொல்றதுக்கு என்கிட்ட ஒரு பதில் இருந்துது, நல்ல எடத்துல சொல்லக்கூடாதுன்னு விட்டுட்டேன்.

இதுதான் கண்ணு உங்ககிட்ட எனக்குப் புடிபடாத சங்கதி. டாக்டருக்குப் பீசு குடுத்தா அவன் சொல்ற மருந்தத் தின்றீங்க. வக்கீலுக்குக் குடுத்தா வாயப் பொத்திக்கிட்டுக் கையெழுத்துப் போடறீங்க. காடு காட்டறவனுக்குக் குடுத்தா மட்டும் அவனுக்கு நீங்க வழி காட்டறீங்க. "அந்தப் பக்கம் போலாமே அண்ணா, கூகுள் மேப்புல ஓடை காட்டுதே." "நூறு ரூபா எச்சாத் தர்றேன், உள்ள கூட்டிப் போங்க." நூறு ரூபாய்க்கு அவன் வேலை போகும், கூட உன்ற எலும்பும் போகலாம். 2024 அக்டோபர்ல சர்க்காரு தமிழ்நாடு முச்சூடும் 40 தடம்னு பிரிச்சு, மலையில பொறந்த பசங்களாப் பாத்துப் பயிற்சி குடுத்து நிறுத்தியிருக்கறாங்க. அந்தத் தடம் எங்க முடியுதோ அங்க முடிச்சுக்க.

ஒண்ணுல மட்டும் எனக்கு லொள்ளு வராது. 2018 மார்ச் 11. தேனிப் பக்கம் குரங்கணி. மலையேறிட்டு எறங்கற பசங்க, பெரும்பாலும் உன்ற வயசுதான். காஞ்ச புல்லுல தீ புடிச்சு 23 பேரு போயிட்டாங்க. புல்லு தீ நாம ஓடறதவிட வெசயா, மேட்டுப் பக்கமா ஏறி வரும். அதே வருசந்தான் மலையேத்தத்துக்குச் சட்டம் போட்டாங்க. கோடையில தீக்காலம்னு தடத்த அடைச்சாங்கன்னா, எந்த எம்எல்ஏவத் தெரியும்னு தேடாத. ஊட்டுல படுத்துத் தூங்கு.

செரி, மூஞ்சியத் தூக்கிக்காத. கோழிகமுத்தி யானை முகாமுக்கும் போவீங்க. கலீம்னு ஒரு கும்கி, ஊருக்குள்ள வந்த காட்டு யானைக எத்தனையோவப் புடிக்கறதுக்குக் கூட நின்னவன். 2023ல 60 வயசு ஆச்சுன்னு சல்யூட் அடிச்சு ரிட்டையர்மெண்ட் குடுத்தாங்க. எனக்கு 74. இன்னும் உங்க சின்னம்மாயி தேங்கா பொறுக்கத் தொரத்தறா.

அந்த முகாமப் பத்திச் சொன்னா நான் ஏன் பேரச் சொல்லாதன்னேங்கறது தன்னால வந்துரும். உங்கம்மாவுக்கே தெரியாது, உன்னோட வெச்சுக்க.

எனக்கு இருபத்திரெண்டு வயசு. மரம் ஏத்தற லாரியில போயிக்கிட்டிருந்தேன். ஒரு நாள் பொழுதோட வண்டி நின்னு போச்சு. கூட ரெண்டு பேரு. மலசர்ங்கற மலைசாதிப் பெரியவரு ஒருத்தரு, "இருட்டீருச்சு, இங்கயே படுங்க, வெடியால நான் கூட்டிப் போறேன்"னாரு. நான் கேப்பனா? "எனக்குத் தெரியாத குறுக்கு வழியா?"ன்னு இவங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். அரை மைல் போயிருக்க மாட்டோம். பொதருக்குள்ள மரம் முறியற சத்தம். யானை! கைக்கு வந்த மரத்துல ஏறுனோம். எவன் மொதல்ல ஏறுனான்னு கேக்காத, நான்தான். ராத்திரி முச்சூடும் அது அடியிலயே மேயுது. நாங்க மேல. பனி. கட்டெறும்பு வேற. நடுநடுவுல சலக்கு சலக்குன்னு ஒரு சத்தம், பேய் கொலுசு போட்டுக்கிட்டு வருதுன்னு ஒருத்தன் அழுதான்.

வெடிஞ்சுது. அந்தப் பெரியவரு பீடி குடிச்சுக்கிட்டு, தரையில எதையோ பாத்துக்கிட்டே நிதானமா வர்றாரு. முகாம் யானைகள ராத்திரி மேய உடறப்ப கால்ல சங்கிலி மாட்டி உடுவாங்க கண்ணு. அது போற வழியெல்லாம் சங்கிலி மண்ணுல கோடு இழுக்கும். காலையில பாகன் அந்தக் கோட்டப் புடிச்சுக்கிட்டே போயிக் கூட்டியாருவான். அவரு வந்து ஒரு சத்தம் குடுத்தாரு, யானை பசுமாட்டுக் கன்னாட்டம் வந்து நின்னுக்கிச்சு. அதும்மேல கைய வெச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்தாரு.

"அங்க என்னங்க பண்றீங்க?"

என்ன சொல்றது? வாய்க்கு வந்தது, "தேன் எடுக்க ஏறுனமுங்க."

ஒரு கூடு இல்ல, ஒரு ஈ இல்ல அந்த மரத்துல. அவரு சிரிக்கவே இல்ல. "நெறைய கெடைச்சுதுங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அவரு காலமாயும் ரொம்ப நாளாச்சு. ஆனா எருமைப்பாறையில இருந்து கோழிகமுத்தி வரைக்கும் குஞ்சு குளுவானுக்கெல்லாம் நான் "தேன்காரரு"தான். அந்தக் காடர் பையன் கூட, என்ற துண்ட அளந்துபோட்டுத் திருப்பிக் குடுக்கறப்ப, "இந்தாங்க தேன்காரய்யா"ன்னான். அதுக்கு நான் நல்ல பதில் யோசிச்சுக்கிட்டே சட்டையத் தூக்குனா, இடுப்புல மூணு அட்டை. மலைக்காத்து பட்ட ஒடம்பத்தான் கடிச்சிருக்குது.

ஆகையால நீ பொள்ளாச்சிக்காரன்னு சொல்லிக்க, போதும். வரும்போது அங்க மலைத்தேன் விப்பாங்க, ஒரு பாட்டல் வாங்கியா, அட்டை கடிச்ச எடத்துல உங்க சின்னம்மாயி தடவச் சொல்றா. ஆருக்குன்னு கேட்டா மட்டும் சொல்லிப்போடாத.